காவலூர் காக்கும் இருள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேசி வந்த அவையில், வானாய்வைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பொருத்தமான பணிதான் என்று எண்ணுகிறேன். வானத்தை முதலில் பார்த்தவன் உழவனா, மாலுமியா, கவிஞனா என்பது தீராத வழக்கு. ஆனால் வானத்துக்குச் சொல் தந்தவன் கவிஞனே என்பதில் வழக்கில்லை. அந்த உரிமையை முன்னிட்டு, நம் சவ்வாது மலையில் உள்ள காவலூரைப் பற்றிச் சில செய்திகளை உங்கள்முன் வைக்கிறேன். அவற்றோடு ஒரு வேண்டுகோளும் உண்டு.

சந்தனத்தால் பெயர்பெற்ற மலை சவ்வாது மலை. மலையாளி என்னும் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைவித்து வாழும் மலை. அங்கே, ஆலங்காயத்துக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. அவ்வூரில் 1960களின் பிற்பகுதியில் ஒரு வானாய்வகம் எழுந்தது. அதனை எழுப்பியவர் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1949இல், ஒரு வால்மீனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். கொடைக்கானல் 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பது. கதிரவனை ஆராய்வதற்குப் புகழ்பெற்றது. ஆயினும் இரவு வானை ஆராய வேறோர் இடம் வேண்டும் என்று அவர் தேடினார். அந்தத் தேடல் முடிந்த இடம் காவலூர்.

ஏன் காவலூர்? உயரத்தில் அது கொடைக்கானலுக்கு ஈடில்லை. ஆனால் அதற்கு இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, அதன் இடம். ஏறத்தாழ 12½ பாகை வட அகலாங்கில் இருப்பதால், வட வானோடு தென் வானின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். காசுமீரத்தில் தொடுவானத்தை ஒட்டித் தவழும் அகத்திய விண்மீன், காவலூரில் ஏறத்தாழ 25 பாகை உயரத்துக்கு எழுகிறது. மற்றொன்று, அதன் இருள். நகர விளக்குகள் எட்டாத காட்டு இருள்.

அந்த இருளில், 38 செ.மீ. விட்டமுள்ள சிறு தொலைநோக்கி ஒன்றோடு பணி தொடங்கியது. அது நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததைக் காவலூரில் பதிவு செய்தார்கள்.

ஒரு கோளோ துணைக்கோளோ விண்மீனை மறைக்கும் நிகழ்வில் வானியலாரின் நுண்மையான உத்தி ஒன்று அடங்கியிருக்கிறது. மறைக்கும் பொருளுக்குக் காற்றுறை இல்லையென்றால் விண்மீன் சட்டென்று அணையும். காற்றுறை இருந்தால் ஒளி வளைந்து, சிதறி, படிப்படியாக மங்கும். அணையும் விதத்தைக் கொண்டே, போய்ப் பார்க்கவியலாத ஓர் உலகில் காற்று உண்டா என்று சொல்லிவிடலாம். 1972ஆம் ஆண்டின் பதிவுகள் கானிமீடுக்கு மெல்லிய காற்றுறை உண்டு என்று காட்டின. 1979இல் வாயேஜர் விண்கலம் நெருங்கிப் பார்த்தபோது, அது முன்பு கணித்ததைவிட மிக மிக மெல்லியதாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. பின்னர் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே நொய்ய ஆக்சிஜன் உறையைக் கண்டது. அறிவியல் தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்வது இப்படித்தான். நம் திறனாய்வு உலகும் கற்க வேண்டிய பண்பு இது.

இதனினும் சிறந்த நிகழ்ச்சி 1977 மார்ச் 10 அன்று நேர்ந்தது. அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. யுரேனசின் காற்றுமண்டலத்தை ஆராயும் நோக்கோடு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட்டும் அவர்தம் தோழர்களும் ஒரு வானூர்தியில் ஏறினார்கள். அது கைப்பர் பறக்கும் வானாய்வகம். சரக்கு வானூர்தி ஒன்றின் உடலில் 91 செ.மீ. தொலைநோக்கியைப் பொருத்தியது. நீராவியையும் முகிலையும் கீழே விட்டுவிட்டு, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே மிக உயரத்தில் அவர்கள் பறந்தார்கள். அதே வேளையில் சவ்வாது மலையில், ஒரு மீட்டர் தொலைநோக்கியின் அருகே ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் விழித்திருந்தார்கள்.

கோள் விண்மீனை நெருங்கும் முன்னரே, விண்மீனின் ஒளி சில விநாடிகள் தாழ்ந்து மீண்டது. காவலூர் அறிஞர்கள் அதனை யுரேனசின் புதிய துணைக்கோள் என்று கருதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வானூர்தியில் இருந்தவர்களோ, கோளின் இருபுறமும் ஒன்றுக்கொன்று ஒத்த தாழ்வுகளைக் கண்டார்கள். ஒரு புறத்தில் மட்டும் நேர்ந்திருந்தால் துணைக்கோள் எனலாம். இருபுறமும் ஒத்து நேர்ந்தால் அது வளையமாகத்தான் இருக்க வேண்டும். காவலூர்ப் பதிவு மீண்டும் ஆராயப்பட்டது. அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் யுரேனசின் வளைய அமைப்பைப் பற்றி அதே இதழில் எழுதினார்கள்.

அன்பர்களே, அவ்வளையங்களுள் மிக அகன்றதன் அகலமே நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும். அது இருப்பதோ ஏறத்தாழ 270 கோடி கிலோமீட்டர் தொலைவில். அதன் நிழலை நம் மலையில் நின்று பிடித்தார்கள். 1986 ஜனவரி 6 அன்று, 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் காவலூரில் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதனைக் கனவு கண்ட பாப்பு 1982லேயே மறைந்துவிட்டதால், தொலைநோக்கியும் வானாய்வகமும் அவர் பெயரையே தாங்கின. அம்மாதம் 24ஆம் நாள், வாயேஜர் 2 யுரேனசைக் கடந்து, அவ்வளையங்களை அருகிருந்து படம் எடுத்தது. 1988இல் காவலூரில் கண்டறிந்த ஒரு சிறுகோளுக்கு, ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுசன் பெயர் சூட்டப்பட்டது.

இனிக் கவிஞர்களோடு எனக்குள்ள வழக்கிற்கு வருகிறேன்.

விண்மீன் என்றாலே கண்சிமிட்டும் என்று எழுதுகிறோம். ஆனால் எந்த விண்மீனும் கண்சிமிட்டுவதில்லை. வெப்பத்திலும் அடர்விலும் வேறுபட்ட காற்றுத் திரள்கள் அலைந்து, ஒளிக்கதிரை இங்குமங்கும் வளைப்பதால் நேர்வது அது. சிமிட்டுவது நம் தலைக்கு மேலுள்ள காற்று. தொடுவானத்தருகே ஒளி கடக்கும் காற்று மிகுதியாதலால், அங்குள்ள மீன்கள் மேலும் துடிக்கின்றன. கோள்கள் சிறு வட்டாகத் தோன்றுவதால், அவற்றின் பல புள்ளிகளிலிருந்து வரும் துடிப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, அவை பெரும்பாலும் அமைதியாக ஒளிர்கின்றன. கவிஞனுக்கு அழகாகும் மினுக்கம் வானியலாருக்கு இடையூறு. ஆகவே கண்சிமிட்டலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காற்றின் வேலை என்று அறிந்தபின் அவ்வுவமை குன்றுவதில்லை. அதற்குள் இன்னொரு பொருளும் நுழைகிறது. தொலைவில் உள்ளவரின் தடுமாற்றம் என்று நாம் எண்ணுவது, நமக்கும் அவருக்கும் இடையே உள்ள காற்றின் தடுமாற்றமாகவும் இருக்கலாம். இதனைக் கவிதையாக்க நீங்கள் இருக்கிறீர்கள்.

இரண்டாவது வழக்கு பெரிது. ஒளி அறிவென்றும் இருள் அறியாமையென்றும் நெடுங்காலமாகப் பாடி வருகிறோம். காவலூர் அவ்வுவமையைத் தலைகீழாக்குகிறது. அங்கே அறிவுக்கு முதற்பொருளே இருள்தான். அகத்திய மீனிலிருந்து வரும் ஒளி, 300 ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து நம்மை அடைகிறது. சென்னையில் 1792இல் வானாய்வகம் எழுவதற்கு நெடுநாள் முன்பே புறப்பட்ட ஒளி அது. அத்தனை தொலைவு வந்த விருந்தாளியை, கடைசி ஒரு நொடியில் நம் தெருவிளக்கு விரட்டிவிடுகிறது.

இது மிகையன்று. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் ஆகிய ஊர்கள் வளர வளர, அவற்றின் விளக்கொளியும் வளர்கிறது. வெள்ளொளி விளக்குகள் நீலக்கூறு மிக்கவை. குறைந்த அலைநீளமுள்ள ஒளியைக் காற்று மிகுதியாகச் சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். பகல் வானை நீலமாக்கும் அதே விதி, இரவு வானை வெளுக்கச் செய்கிறது.

மலைவாழ் மக்களுக்கு விளக்கு வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். இருளில் பாம்புக்கு அஞ்சி நடப்பவரிடம் இருளின் அருமையைப் பாடுவது கொடுமை. நான் கேட்பது விளக்கை அணைக்க அன்று. அதற்கு ஒரு மூடி போட. வானத்தை நோக்கிப் பாயும் ஒளி எவர் பாதைக்கும் உதவுவதில்லை. ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பும் மூடியும், இளமஞ்சள் நிற விளக்கும், நள்ளிரவுக்குப் பின் தேவையற்றவற்றை அணைக்கும் ஒழுங்கும் போதும். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே சுற்றுப்புறச் சிற்றூர் மக்களே பயிற்சி பெற்று, வருவோர்க்கு வானத்தைக் காட்டுகிறார்கள். இருள் அவர்களுக்கு வருவாயும் தருகிறது. சவ்வாது மலையின் இளைஞர்கள் அதனைச் செய்யவியலாதா?

இதில் நமக்கென்ன பங்கு என்றால், சொல் நம்முடையது. ஒரு செல்வத்துக்குப் பெயரில்லாதபோது அது களவு போவதும் தெரிவதில்லை. காற்று கெட்டது, நீர் கெட்டது என்று சொல்ல நாம் பழகிவிட்டோம். இருள் கெட்டது என்று சொல்ல இன்னும் பழகவில்லை. அச்சொல்லை மக்கள் நாவில் ஏற்றுவது அறிவியலாரால் மட்டும் ஆகாது.

1910இல் ஹாலி வால்மீன் தோன்றியபோது, பாரதியார் அதனைச் 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று பாடினார். அது மீண்டும் 1986இல் வந்தபோது, காவலூரில் புதிய தொலைநோக்கி திறக்கப்பட்டிருந்தது. இனி 2061இல் வரும். அன்று இவ்வட்டத்தின் பேரப்பிள்ளைகள் ஆலங்காயம் சாலையில் ஏறிப்போய் அதனைப் பார்க்க வேண்டும். பார்த்து எழுதத் தமிழ் இருக்கும் என்று நான் நம்புகிறேன். பார்ப்பதற்கு இருள் இருக்குமா என்பது, நாம் இப்போது போடும் விளக்குகளைப் பொறுத்தது.