ஊழியர் உடைமையும் பொதுச் சுகாதாரமும்



 உழைப்பவரே ஸ்தாபனத்திற்கும் உரியவராயிருக்க வேண்டும் என்னும் தத்துவம் பொதுச் சுகாதார சேவைக்குப் பொருந்துமா என்பதே இம்மாநாட்டில் நம் முன்னுள்ள பிரச்னை. அதை நடைமுறையில் பரீட்சித்துப் பார்த்த தேசம் இங்கிலாந்து ஆதலால், அதன் அனுபவத்தை நம் விசாரணைக்கு ஆதாரமாகக் கொள்வது உசிதமென்று கருதுகிறேன்.

லண்டன் வியாபாரியான ஜான் ஸ்பெடன் லூயிஸ், தம் தந்தையார் நிறுவிய வியாபாரத்தின் உடைமையை, லாபத்தில் ஊழியர் அனைவருக்கும் பங்கு கிடைக்கும் வண்ணம் 1929-ஆம் ஆண்டு முதல் ஒரு தர்மகர்த்தா ஏற்பாட்டிற்கு மாற்றத் தொடங்கி, 1950-இல் அதைப் பூர்த்தி செய்தார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1948 ஜூலை 5-ஆம் தேதி, சுகாதார மந்திரி அநூரின் பெவனின் முயற்சியால், நோயாளியிடம் காசு கேளாத தேசிய சுகாதார சேவை உதயமாயிற்று. ஒன்று ஊழியரின் உரிமை, மற்றொன்று பிரஜைகளின் உரிமை. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி இந்த நூற்றாண்டில்தான் ஊக்கம் பெற்றது.

2006-இல், சர்ரே மாகாணத்தில் வீடுதேடிச் சென்று பணிபுரிந்த நர்ஸுகளும் சிகிச்சை நிபுணர்களும் அரசாங்க சேவையிலிருந்து பிரிந்து, ஆளுக்கு ஒரு பென்னி மதிப்புள்ள ஒரே ஒரு பங்குடன் 'சென்ட்ரல் சர்ரே ஹெல்த்' என்ற ஸ்தாபனத்தை அமைத்தனர். மிச்சமான பணம் சேவைக்கே திரும்பியது. ஆயினும் 2011-இல், பெரியதோர் ஒப்பந்தத்திற்கான போட்டியில் அது தனியார் கம்பெனி ஒன்றிடம் தோல்வியுற்றது.

கேம்பிரிட்ஜ்ஷயரின் ஹிஞ்சிங்புரூக் ஆஸ்பத்திரியின் வரலாறு இன்னும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஊழியரும் முதலீட்டாளரும் பங்குதாரராயிருந்த 'சர்க்கிள்' கம்பெனி 2012 பிப்ரவரியில் பத்தாண்டு ஒப்பந்தத்தின்படி அதன் நிர்வாகத்தை ஏற்றது. கம்பெனி ஈடுகட்ட வேண்டிய நஷ்டம் 50 லட்சம் பவுனைக் கடந்தால் விலகிக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. 2015 ஜனவரியில் தரப் பரிசோதகர்கள் ஆஸ்பத்திரியைப் போதிய தரமற்றதென்று அறிவித்த தருணத்தில் கம்பெனி விலகுவதாகத் தெரிவித்தது. ஏப்ரலில் நிர்வாகம் தேசிய சேவையிடமே திரும்பிவந்தது.

லாபத்தில் பங்கு யாருக்கு என்பதையே நாம் பெரும்பாலும் விவாதிக்கிறோம். ஆனால் நஷ்டத்தைத் தாங்குபவர் யார் என்பதே உடைமையின் உண்மையான பரீட்சை. துணிக்கடை நொடித்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். பிரசவ வேதனையிலுள்ள தாய்க்கு அத்தகைய சுதந்திரம் இல்லை. ஆகையால் விபத்துக்கும் பிரசவத்துக்கும் இரவு பகலாகத் திறந்திருக்க வேண்டிய, பெருமூலதனத்தை வேண்டும் ஆஸ்பத்திரிக்கு ஊழியர் உடைமை முறை ஏற்றதன்று என்பதே என் திடமான அபிப்பிராயம். வீட்டு வைத்தியப் பணிவிடை, உடற்பயிற்சி சிகிச்சை போன்றவற்றிற்கோ, ஊழியரின் அனுபவ ஞானத்திற்கு அதிகாரம் தரும் இம்முறை பெரிதும் உகந்தது. ஆனால் கட்டடமும் கருவியும் பொதுமக்களின் சொத்தாகவே இருக்க வேண்டும், மிச்சப் பணம் பங்காகப் பிரியலாகாது, நிர்வாக சபையில் நோயாளிகளுக்கும் ஸ்தானம் வேண்டும்.

இங்கு கட்டுரை படிக்கவிருக்கும் அறிஞர்கள், தாம் பரிந்துரைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் நஷ்டத்திற்குப் பொறுப்பாளி யார் என்பதைத் தெளிவாக உரைக்குமாறு வேண்டிக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.