புயல் வந்த இரவும் காய்ச்சல் கண்ட பிள்ளையும்

(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடைமழை பிடித்தால் நம்ம லயங்களிலே ஒரு பேச்சும் பிடித்துக்கொள்ளும். "அவன் அன்னைக்கு வேலைக்குப் போகாததால தப்பிச்சான், இவ அன்னைக்குன்னு பார்த்து வந்து மாட்டிக்கிட்டா" என்று. அதைப் பற்றியே இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

நாம் பிறந்த ஊர் நாரந்தனை. ஊர்காவற்றுறைப் பக்கம், வேலணைத் தீவிலே இருக்கிறது. மலை என்று மருந்துக்கும் கிடையாது, பனையும் கடலும்தான். தீவுப்பகுதி ஆட்கள் மலைநாட்டுப் பட்டணங்களில் கடை வைத்திருந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எங்கள் பாட்டனாரும் அப்படி ஒரு கடையில் நின்றவர். 1964 டிசம்பரில் நத்தாருக்கு ஊர் வந்திருந்தார். 22ஆம் திகதி இரவு பெரும்புயல். ஓலைக்கூரை போன இடம் தெரியவில்லை. பக்கத்து வளவில் கல்வீடு. ஆனால் அந்த வீட்டோடு வேலி வழக்கு, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. புயல் முதலில் சாய்த்தது அந்த வேலியைத்தான்! அதன் மேலே நடந்துதான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். கல்வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாராம்.

சில கிழமை கழித்து மலையிலிருந்து ஒரு கடிதம். கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கும் தோட்டத்துக் குடும்பம் ஒன்று அந்தக் கிழமைதான் தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடி போக இருந்தது. சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டார்கள். அதே இரவில் தனுஷ்கோடி கடலோடு போயிற்று. பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் பயணிகளோடு அலை அடித்துப் போனது. காய்ச்சலுக்காகத் திட்டு வாங்கிய அந்தப் பிள்ளையை அதற்குப் பிறகு யாரும் திட்டவே இல்லையாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்த வருஷம் அக்டோபர் 30இல்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கையெழுத்திட்டார்கள். 53 நாளில் அந்தக் கரையே போய்விட்டது! இதை விதி என்பதா, எதேச்சை என்பதா? நமக்குத் தெரியாது.

ஆனால் புயல் டிசம்பரில் வந்தது எதேச்சை இல்லை. வங்காள விரிகுடாவில் நவம்பர், டிசம்பர்தான் நம் கரைக்குப் புயல் பிறக்கும் காலம். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்தது. 2020 டிசம்பர் 2இல் புரெவி திருகோணமலைப் பக்கம் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடற்கரைக்குக் காற்றும் அலையும் என்றால், நமக்கு அதே மழை மண்ணாய் இறங்குகிறது.

கொஸ்லந்தை மீரியபெத்தையை யார் மறப்பார்? 2014 அக்டோபர் 29, காலையிலே லயங்களின் மேல் மலை சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தால் வீடு இருந்த இடம் இல்லை. கொஞ்ச நேரம் முந்திப் போனது அவர்கள் அதிர்ஷ்டம் என்கிறோம். சரி. ஆனால் அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததே, அதை என்னவென்று சொல்வது? அதற்கு விதி என்று பெயர் வைக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

ஆகையால் ஒன்று கேட்கிறோம். காம்பரா சுவரிலோ இஸ்தோப்பிலோ புதிதாய் வெடிப்பு கண்டால், மேல்பக்க மரம் சாய்ந்தால், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால், அல்லது மழையிலும் நின்றுபோனால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். இறங்கிவிடுங்கள். பாத்திரம் பண்டம் பார்க்க வேண்டாம். யார் வீட்டுக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள், கோபதாபம் இருந்தாலும்.

எங்கள் ஊரில் புயலுக்குப் பிறகு வேலியை மறுபடி அடைத்தார்கள். அடைக்கும்போது நடுவிலே ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு விட்டார்கள். தொண்ணூறுகளில் ஊர் இடம்பெயரும் மட்டும் அந்தப் பொட்டு இருந்தது; நாமும் அதனூடாக ஓடித் திரிந்திருக்கிறோம்.