நகலெடுக்கும் ஊர்: லேபிள் முதல் எழுத்துரு வரை



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு மென்பொருள் திருட்டு என்ற பொருளைச் சொன்னபோது அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் அச்சகம் வைத்திருப்பவர்கள். மீதிப்பேர் அவர்களிடம் லேபிள் அடிக்கிற பட்டாசு, தீப்பெட்டிக்காரர்கள். அழைத்தவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவேனோ என்ற கவலை. நியாயமான கவலைதான். உங்கள் டிடிபி அறையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் அந்த அறையில் திருட்டுப்போனது யாருடைய சொத்து, நட்டம் யாருக்கு என்ற கணக்கை நாம் இதுவரை தப்பாகப் போட்டு வந்திருக்கிறோம் என்பது என் கட்சி.

தீப்பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். சிவகாசியை ஒட்டிய இந்த விஸ்வநத்தத்தில் வேறெதிலிருந்து தொடங்குவது?

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கல்கத்தாக்காரர்கள் அதை 1910ஐ ஒட்டி அங்கே குடியேறிய ஜப்பானியரிடம் கற்றார்கள். ஜப்பானியருக்கு வழிகாட்டியது ஸ்வீடன். இதுவரை சொன்னது கல்வி. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தொழில் போவதை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜப்பான்காரர்கள் தொழிலோடு நிற்கவில்லை. ஸ்வீடன் பெட்டிமேல் இருந்த லேபிளையும் சாயல் மாறாமல் அச்சடித்து ஆசியச் சந்தைகளில் விற்றார்கள். அந்தக் காலத்து லேபிள்களைச் சேகரிப்பவர்கள் அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு அழைத்ததாகப் பெருமையோடு சொல்கிறோம். உழைப்பை நினைத்து வந்த பட்டம் அது. லேபிள் விஷயத்திலும் அது பொருந்தத்தான் செய்கிறது.

படிக்கத் தெரியாதவர்களும் பொருள் வாங்கிய நாடு இது. பீகாரிலோ ஒரிசாவிலோ ஒருவர் கடையில் வந்து அணிலைக் கேட்பார், சேவலைக் கேட்பார். படம்தான் பெயர், படம்தான் உத்தரவாதம். ஆகவே அடுத்த கம்பெனி அணிலுக்குப் பதில் கீரிப்பிள்ளையை வரைந்து அதே நிறத்தில் விட்டால் வியாபாரமே போய்விடும். இந்த ஊர் முதலாளிகள் மார்க்குக்காகக் கோர்ட்டு வாசல் ஏறத் தயங்கியதே இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 45ஆவது பிரிவும் இந்தச் சிக்கலை அறிந்தது. பொருள்களின்மேல் ஒட்டக்கூடிய ஓவியத்துக்குப் பதிப்புரிமை பதிய வேண்டுமானால், அதைப்போன்ற வணிகச்சின்னம் ஏற்கெனவே இல்லை என்று வணிகச்சின்னப் பதிவாளரிடம் சான்று வாங்கி வர வேண்டும். லேபிள் அடிக்கிற எல்லோருக்கும் இந்த நடைமுறை தெரியும். அறிவுச்சொத்து என்ற பேச்சு நமக்குப் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் மார்க்கைக் காத்த அதே கைகள் ஓவியரை எப்படி நடத்தின? கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசி எந்திரங்களில் ஏறி நாடெங்கும் பூஜையறைச் சுவருக்குப் போனார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் கடவுளின் முகம் எப்படி இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது அந்தச் சிறு ஊர்க்கூட்டம். ஒரு படத்துக்கு ஒருமுறை பணம். அதற்குப் பிறகு அது எத்தனை காலண்டரில், எத்தனை ஊதுபத்திக் கவரில், எத்தனை பட்டாசுப் பெட்டியில் வந்தாலும் வரைந்தவருக்குச் சம்பந்தமில்லை. இதில் சட்டமும் முதலாளி பக்கம்தான். பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே என்கிறது 17ஆவது பிரிவு. இதை நான் அநியாயம் என்றே கருதுகிறேன். அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமை கைமாறினாலும் படைத்தவன் தன் பெயரைக் கோரலாம் என்கிறது. அந்தப் பிரிவை இந்தப் பக்கம் யாரும் ஓவியருக்கு எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறரைப் பார்த்து ஒரு நாடு 'திருடர்கள்' என்று விரல் நீட்டும்போது அதன் பழைய கணக்கையும் கேட்க வேண்டும். சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் அமெரிக்கா போனபோது, தன் நாவல்களை ஒரு காசு தராமல் அடித்து விற்கிறார்களே என்று மேடையில் முறையிட்டார். அங்கத்திய பத்திரிகைகள் அவரையே திட்டின. அயல்நாட்டு எழுத்தாளருக்குப் பதிப்புரிமை தர அமெரிக்காவுக்கு 1891 வரை மனம் வரவில்லை. பெர்ன் உடன்படிக்கையில் அது சேர்ந்தது 1989இல்தான். நம் பக்கத்திலும் வேடிக்கை உண்டு. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை யாரும் நகலெடுக்கக் கூடாது என்று ஒரு நச்சுநிரல் எழுதினார்கள். 'பிரெயின்' என்று பெயர்பெற்ற அது ஐபிஎம் கணினிகளில் பரவிய முதல் நச்சுநிரல். அவர்களே கடையில் அமெரிக்க மென்பொருளை நகலெடுத்து விற்றார்கள் என்றும் அப்போது செய்தி வந்தது. தன் லேபிளைக் காத்துக்கொண்டு அடுத்தவன் படத்தை எடுப்பது லாகூருக்கு மட்டும் உரியது அல்ல.

இனி டிடிபி அறை.

தொண்ணூறுகளில் லித்தோ ஆர்ட்டிஸ்ட்டின் மேசை இருந்த இடத்தில் கணினி வந்து உட்கார்ந்தது. பேஜ்மேக்கர், போட்டோஷாப், கோரல்டிரா. கணினியைப் பொருத்தித் தந்தவரே மூன்றையும் சிடியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அவற்றுக்குத் தனியே விலை உண்டு என்று பல முதலாளிகளுக்கு யாரும் சொல்லவே இல்லை. அதே சிடியில் ஐம்பது தமிழ் எழுத்துருக்களும் இருந்தன. கணினி நிரலைச் சட்டம் இலக்கியப் படைப்பின் கணக்கில் வைத்திருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதம். இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. பெரிய மென்பொருள் கம்பெனிகளுக்காக நான் கண்ணீர் விடப் போவதுமில்லை. எங்கள் சரக்கையே திருடிப் பழகட்டும், பிறகு காசு வாங்கிக்கொள்ளலாம் என்ற பொருளில் பில் கேட்ஸே 1998இல் சீனாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். திருட்டு நகல் அவர்களுக்கு விளம்பரச் செலவு மிச்சம்.

அடிபட்டவர் எழுத்துரு செய்தவர். தமிழில் உகர, ஊகார வரிசை எழுத்துகளுக்குத் தனித்தனியே வடிவம் வரைய வேண்டும். 'கு' வரைந்த கையால் 'து'வை அப்படியே கொண்டுவர முடியாது. ஒவ்வொரு எழுத்தின் தடிப்பும் இடைவெளியும் ஒத்துவர மாதக்கணக்கில் ஆகும். அப்படிச் செய்த எழுத்துரு ஒரு அச்சகத்தில் விற்றால் அடுத்த வாரம் தெரு முழுக்க இருக்கும். மலேசியாவில் 1980களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்த முத்து நெடுமாறனின் எழுத்துருக்கள் இன்று ஆப்பிள் கருவிகளில் இருக்கின்றன. தமிழ் எழுத்துக்கு விலை கொடுக்க ஆள் அமெரிக்காவில்தான் கிடைத்தது. தமிழில் இவ்வளவு அடித்துத் தள்ளும் இந்த வட்டாரம் அந்த விலையைக் கொடுத்திருக்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. அது தமிழுக்கே வந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டில் அமைந்த தமிழ் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. காகிதத்தில் 'தமிழ்' என்று அச்சாகும் சொல், பாமினிக் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். ஒவ்வொரு எழுத்துருக் குடும்பத்துக்கும் ஒவ்வொரு இருக்கை வரிசை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. காசு கொடுத்து வாங்கியவர் புதுப் பதிப்புக்கு மாறுவார். ஓசியில் வந்ததை மாற்ற யாருக்கு அவசரம்? வேலை நடக்கிறது, ஆபரேட்டருக்குக் கை பழகிவிட்டது, அழைப்பிதழ் அடித்துப் போய்க்கொண்டே இருக்கிறது. இருபது ஆண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டு அச்சகங்கள் அடித்த புத்தகம், மலர், பாட்டுத் தொகுப்பு, ஊர் வரலாறு என எத்தனையோ இன்று எந்தத் தேடுபொறிக்கும் அகப்படாத கோப்புகளாகக் கிடக்கின்றன.

எழுத்துத் திருட்டுக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் வேண்டுமா? பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் விதி போட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்கு மேல் போனால் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. ஒப்புமையைக் கண்டுபிடிப்பது மென்பொருள். அந்த மென்பொருளுக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, உள்ளே இருக்கும் குறியீடுதான் தெரியும். பழைய எழுத்துருவில் அடித்த ஒரு தமிழ் ஆய்வேட்டை அப்படியே யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தால், அதன் பார்வையில் ஒன்று ஆங்கிலக் குப்பை, மற்றொன்று தமிழ். இரண்டுக்கும் உறவே இல்லை. டிடிபி அறையில் மென்பொருளைத் திருடியதும் ஆய்வேட்டில் பத்தி பத்தியாகத் திருடுவதும் தனித்தனிக் குற்றம் என்று நினைக்கிறோம். முதலாவதுதான் இரண்டாவதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

இப்போது நகலெடுக்கும் பிரச்சினை பட்டாசு ஆலை வாசலுக்கே வந்துவிட்டது. 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசு என்றால்தான் வாழ்வு. நாக்பூர் நீரி நிறுவனம் உருவாக்கிய கலவையை வெளியில் சொல்ல மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டுத்தான் இங்குள்ள ஆலைகள் வாங்கின. அசலை அறியப் பெட்டியில் கியூஆர் குறியீடு வந்தது. அந்தக் குறியீட்டுக்கும் போலி வந்துவிட்டதை 2021இல் உச்ச நீதிமன்றமே தன் ஆணையில் குறிப்பிட்டது. ஒழுங்காக உரிமம் பெற்றவர்களின் கோபத்தை நான் கேட்டிருக்கிறேன். "நாங்க காசு கட்டி, கையெழுத்துப் போட்டு வாங்குறோம்; அவன் சும்மா அடிச்சு ஒட்டுறான்" என்று. எழுத்துரு செய்தவரும் கோவில்பட்டி ஓவியரும் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. அவர்களுக்குச் சொல்லச் சங்கம் இல்லை.

பணம் இல்லை என்பது பாதி அச்சகங்களுக்கு உண்மை. அவர்களுக்குத் திருட வேண்டிய தேவையும் இன்று இல்லை. ஸ்க்ரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் எல்லாம் காசில்லாமல், சட்டப்படியே கிடைக்கின்றன. மீரா இனிமை, முக்த மலர், கட்டமரன் போன்ற யூனிகோட் எழுத்துருக்களை யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்து விற்கலாம். பழகச் சில மாதம் பிடிக்கும், முதலில் வேலை தடுமாறும். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். பணம் உள்ளவர்கள் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவரிடமிருந்தே வாங்குங்கள். நாலு கலர் மெஷினுக்குக் கோடியில் கடன் வாங்குகிற தொழிலுக்கு அது ஒரு செலவே இல்லை.

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவீர்கள். அச்சகத்தின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் கீழே இருக்கும். வரும் ஆடியில் அந்த வரியில் படம் வரைந்தவரின் பெயரையும், எழுத்துரு செய்தவரின் பெயரையும் சேர்த்து அச்சடியுங்கள்.