கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்கள்

வக்கீல் என்றதும் கறுப்புக் கோட்டும் கோர்ட் வாசலும்தான் கண்முன் வரும். ஆனால் சிகாகோ பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே மாணவர்களுக்கு வேலை, வழக்கே வராமல் பார்த்துக்கொள்வது.

'இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ்' அமைப்பு 1998-ல் தொடங்கிய மையம் அது. கைமுதல் அதிகம் இல்லாமல் தொழிலில் இறங்குகிறவர்களுக்கு மாணவர்கள் இலவசமாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார்கள். லைசென்ஸுக்கு வழி சொல்கிறார்கள். அனுபவமுள்ள வக்கீல்கள் கூடவே இருந்து மேற்பார்வையிடுகிறார்கள்.

சிகாகோ தெருக்களில் தள்ளுவண்டியில் தமாலே விற்பவர்கள் உண்டு. சோள மாவைச் சோளத் தோலில் பொதிந்து அவிப்பது தமாலே. நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். பல காலம் அபராதத்துக்குப் பயந்தே விற்றார்கள். 2015-ல் மாநகர மன்றம் அந்த வண்டிகளுக்கு அனுமதி தந்தது. அதற்காக வியாபாரிகளோடு சேர்ந்து குரல் கொடுத்தவர்களில் இந்த மையமும் ஒன்று. ஆனால் ஒரு நிபந்தனை: லைசென்ஸ் உள்ள சமையற்கூடத்தில் சமைத்துப் பொட்டலம் கட்டியதைத்தான் விற்கலாம். வீட்டு அடுப்பு கணக்கில் வராது. விடியுமுன் வீட்டில் மாவு பிசைகிறவர் அப்படியொரு கூடத்துக்கு எங்கே போவார்? சட்டப் புத்தகத்தோடு அடுப்படியையும் படித்த மாணவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

தொண்டு நிறுவனங்களுக்கு உதவும் மையங்களும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. அங்கே சிக்கல் வேறு மாதிரி. வரிவிலக்குக்குச் சின்ன அமைப்புகள் நிரப்ப 2014-ல் ஒரு குறும்படிவம் வந்தது. வசதிதான், ஆனால் அமைப்பின் விதிமுறைகளை இணைத்து அனுப்பச் சொல்லாது, எல்லாம் சரி என்று ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்தால் போதும். உதாரணமாக, நிறுவனத்தை மூடினால் மிச்சப் பணம் யாருக்கு? இன்னொரு தர்ம காரியத்துக்கோ அரசுக்கோதான் போக வேண்டும். விதிமுறையில் அது சரியாக இருக்கிறதா என்று மாணவர்தான் தோண்டிக் கேட்க வேண்டும். விலக்கு கிடைத்த பிறகும் அசட்டையாக இருக்க முடியாது. மூன்று வருஷம் தொடர்ந்து கணக்குப் படிவம் தராவிட்டால் விலக்கு தானாகப் பறிபோகும். 2011-ல் அப்படி விலக்கை இழந்தவை சுமார் 2,75,000 அமைப்புகள்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது அமைப்பின் நிறுவனரோடு முதல் சந்திப்பு. அவர் வாய்க்கு வாய் 'என் அமைப்பு, என் அமைப்பு' என்பார். "ஐயா, நாங்கள் உங்கள் சார்பில் வரவில்லை, அமைப்பின் சார்பில்தான்" என்று மாணவர் சொல்லியாக வேண்டும். நாளை நிர்வாகக் குழு நினைத்தால் அவரையே பதவியிலிருந்து இறக்கலாம். அதற்கான விதியையும் அதே மாணவர்தான், அவர் எதிரில் உட்கார்ந்து, எழுதித் தர வேண்டும்.