நாய்க்கு ஆகாத செடிகள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் பூத்து நிற்பது அரளி. ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தையும் மறைக்கும். வீட்டு வாசலிலோ சாமிப் பூவுக்கென்று வைக்கிறார்கள். ஆடு அதை ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இருக்கும் ஒலியாண்டிரின் என்னும் நஞ்சு, இதயத் தசை சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் வேலையைத் தடுத்துவிடும். அரளி தின்ற நாய்க்கு முதலில் எச்சில் வடியும், வாந்தி வரும். பிறகு நாடித்துடிப்பு தாறுமாறாகி, இதயமே நின்றும் போகலாம். மஞ்சள் அரளியின் கொட்டையிலும் இதே வகை நஞ்சுதான்.

ஆனால் கசக்கும் பச்சை இலையை வளர்ந்த நாய் தானாகத் தேடிப் போய்த் தின்பது குறைவு. பல் முளைக்கும் குட்டிதான் கண்டதையும் கடிக்கும். வெட்டி மூலையில் போட்ட அரளிக் கிளை காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. அந்தக் குச்சியை வீசி நாயை எடுத்துவரச் சொல்வது வினையை விலை கொடுத்து வாங்குவது. வேர்விட்டு நிற்கும் செடியைவிட, மனிதர் வெட்டியும் தோண்டியும் அரைத்தும் போட்டதுதான் நாய்க்குப் பெரிய ஆபத்து.

ஆமணக்கைப் பார்த்தால் இது விளங்கும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கி டி.எம்.வி. 5, டி.எம்.வி. 6 என்று ஆமணக்கு ரகங்களே உண்டு. மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லையின் ஓரத்தில், புரொடீனியாப் புழுவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஆமணக்கு ஊன்றுவதும் பழகிய முறை. கொட்டையில் உள்ள ரைசின் எண்ணெயில் கலப்பதில்லை. பிழிந்தபின் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடேற்றினால்தான் அது அழியும். கடித்து மெல்லாமல் முழுதாக விழுங்கிய கொட்டை சில சமயம் அப்படியே வெளியேறிவிடலாம். அரைத்த பிண்ணாக்கிலோ அந்த வாய்ப்பும் இல்லை. ரோஜாத் தொட்டிக்கு ஆமணக்குப் பிண்ணாக்கோடு எலும்புத் தூளையும் கலந்து போடும்போது, அந்த வாசனைக்கே நாய் மண்ணைக் கிளறும். பிறகு வாந்தி, வயிற்றுவலி, இரத்தத்தோடு கழிச்சல்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும். மழைக்குப் பின் வேலியில் ஏறும் இக்கொடியில் கொல்சிசின் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது அதிகம். பாத்தி கொத்தும்போது வெளிப்படும் இதன் கிழங்கை, அதாவது கண்வலிக் கிழங்கை, திண்ணையில் போட்டு வைக்கக் கூடாது. புதிதாகக் கட்டும் வீடுகளில் அழகுக்கு வைக்கும் சைக்கஸ் கல்லீரலைத் தாக்கும். அதன் விதை மிகக் கொடியது. மணி பிளான்ட், டைபன்பேக்கியா, சேம்பு மூன்றும் வாயில் ஊசி குத்தியது போன்ற எரிச்சலைத் தரும். உயிருக்கு ஆபத்து அரிது.

செடி என்றே யாரும் நினைக்காத ஒன்று வெங்காயம். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் உள்ளே போனாலே நாயின் சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும். சமைப்பதால் இந்தக் குணம் மாறாது. மிஞ்சிய சாம்பார் சாதத்தை நாய்க்கு வைப்பது பல வீடுகளில் வழக்கம். சோகை வெளிப்பட நாளாவதால் சோற்றின் மேல் சந்தேகமே வருவதில்லை.

நஞ்சு தின்ற நாய்க்கு உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது தவறு. இரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே தனி ஆபத்தாகும். வாந்தி எடுக்க வைப்பதா, கரித்தூள் கொடுப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், விழுப்புரத்தாருக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைவிடப் புதுச்சேரியின் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். தின்ற செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு நேரம் மிச்சம். ரைசினுக்கு மாற்று மருந்து இல்லை. அறிகுறி தெரிய ஒன்றரை நாளுக்கு மேலும் ஆகலாம் என்பதால், ஆமணக்கு தின்ற நாய் ஓடியாடித் திரிந்தாலும் இரண்டு நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும்.