மூன்று மாதக் கணக்கும் பன்னிரண்டு வருடக் கணக்கும்



சற்றுமுன் இந்தப் பட்டமளிப்பு அரங்குக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். "எம் மக ஏதோ கன்சல்டன்சில ட்ரெய்னிங் போகப் போறாளாம். அதுல என்னம்மா வேல?" என்று கேட்டார். "காட்டுக்குப் போகணும், அங்க என்னென்ன இருக்குன்னு எண்ணணும், வந்து எழுதணும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ணுறதுக்கா ரெண்டு வருசம் எம்.எஸ்ஸி. படிக்க வச்சோம்?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் இந்த உரையில் பதில் சொல்லப் பார்க்கிறேன். பட்டமளிப்பு விழாவில் சாதித்தவர்களின் கதை சொல்வது வழக்கம். எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணுவது மட்டும்தான்.

பட்டம் பெறும் உங்களில் பலர் அடுத்த மாதம் போய்ச் சேரும் வேலையின் சட்டதிட்டம் 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் இருக்கிறது. சுரங்கம், அணை, ஆலை என்று பெரிதாக எது வந்தாலும் அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் உயிர்களுக்கும் என்ன ஆகும் என்று மதிப்பீடு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை எழுதுவது ஆலோசனை நிறுவனம். அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருகிறவர். மாப்பிள்ளை வீட்டார் தட்சிணை வைத்து, அவர்களே ஜாதகத்தையும் நீட்டி, பொருத்தம் பார்க்கச் சொன்னால் ஜோசியர் என்ன சொல்வார்? பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்பார். உங்கள் தொழிலின் முதல் சிக்கல் இது. இதை மறைத்து உங்களை வாழ்த்தி அனுப்ப எனக்கு மனமில்லை.

இரண்டாவது சிக்கல் காலம். பல திட்டங்களுக்கு ஒரு பருவத்தின் தகவல், அதாவது ஏறக்குறைய மூன்று மாதத் தகவல், இருந்தால் போதும் என்கிறார்கள், மழைக்காலம் நீங்கலாக. எந்த மழைக்காலம்? விதி எழுதுகிற டெல்லிக்கு மழை என்றால் ஜூனிலிருந்து செப்டம்பர். நாம் நிற்கும் இந்தப் பழனி மலையின் கிழக்குச் சரிவுக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். சித்திரை வெயிலில் தவளை எண்ணப் போனால் என்ன கிடைக்கும்? 'இனங்கள் காணப்படவில்லை' என்ற வரிதான் கிடைக்கும். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கிற அதிகாரி 'இனங்கள் இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார்.

குறிஞ்சியை எடுத்துக்கொள்வோம். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. பூக்கிற வருடத்தில் மதுரையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வண்டி வண்டியாக வந்து நிற்கிறார்கள். மீதிப் பதினோரு வருடமும் அது முழங்காலளவிலோ இடுப்பளவிலோ நிற்கும் ஒரு பச்சைப் புதர். ஆடு மாடு மேய்க்கிறவருக்கு அது குறிஞ்சி என்று தெரியும். மூன்று மாத வேலைக்கு வந்த புது ஆளுக்கு அது 'புதர்'. 2024இல் யாரோ எழுதிய அட்டவணையில் 'புதர்ச்செடிகள், சிறப்பு முக்கியத்துவம் ஏதுமில்லை' என்று ஒரு வரி விழுந்தால், 2030இல் பூக்க வேண்டிய சரிவு அந்த வரியோடு முடிந்துபோகும்.

புல்வெளிக்கு நடந்தது இதேதான், இதைவிடப் பெரிய அளவில். சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் இந்த மலையின் உச்சி. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். மரம் இல்லாத இடத்தை 'சும்மா கிடக்கிற இடம்' என்று பார்த்த கண்கள் வாட்டில், பைன், தைல மரம் என்று நட்டுத் தள்ளின. 2018இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் பார்த்தது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பெரும்பாலும் மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும். அந்தப் புல்லில்தான் நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டும். இந்தியாவின் தென்மேற்கு மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அதற்கு மரம் தேவையில்லை. காட்டை வெட்டினால் ஊரே கூடிச் சண்டை போடும். புல்லில் மரம் நட்டால் மாலை போடுவார்கள். உங்கள் முதல் அறிக்கையில் 'நிலப் பயன்பாடு' என்ற பத்தியில் 'தரிசு' என்று தட்டச்சு செய்யக் கை போகும்போது, எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்படியானால் வாட்டிலையும் பைனையும் அடியோடு வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா? இங்கே எனக்கே தெளிவான பதில் கிடையாது. 1980களில் இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் சோலை மரங்களின் விதை பொறுக்கி நாற்றங்கால் போட்டார்கள். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை அப்படித்தான் உருவானது. வருடக்கணக்கில் நடந்து நடந்து அவர்கள் கண்டது எல்லோருடைய எதிர்பார்ப்புக்கும் எதிரானது. அயல் மரத்தோட்டத்தின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வந்துகொண்டிருந்தன. மேலே பைன், அடியில் சோலை. அதை மொத்தமாக வெட்டினால் கன்றும் போகும், மண்ணும் போகும், மறு மழையில் வாட்டில்தான் முதலில் முளைக்கும். ஆனால் விட்டுவைத்தால் புல்வெளி திரும்பாது. ஓரிடத்தில் விட வேண்டும், இன்னோரிடத்தில் வெட்ட வேண்டும். எந்த இடம் எது என்பதைச் சென்னையில் ஏ.சி. அறையில் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடியில் குனிந்து கன்றுகளை எண்ணியவர்தான் சொல்ல முடியும். அந்த அம்மாவின் கேள்விக்கு இது பாதி பதில்.

இப்படி எண்ணுவதற்குப் பக்கத்துச் செம்பகனூரில் பழைய மரபு இருக்கிறது. அருட்தந்தை ஆங்லாட் இந்த மலைச் செடிகளைச் சேகரித்துப் படமாக வரைந்து வைத்தார். பின்னால் திருச்சி ரேபினாட் ஹெர்பேரியத்தின் அருட்தந்தை கே.எம். மேத்யூ பழனி மலையின் தாவரங்களைத் தொகுத்து 1999இல் நூலாகக் கொண்டுவந்தார். எத்தனை மழைக்காலம், எத்தனை வெயில்காலம் நடந்த நடை அது! மூன்று மாத ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்த நூலைத் திறந்து பார்ப்பதே அரிது.

சரி, இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் கொடுக்கும் விலையைப் பற்றி. கொடைக்கானலில் இதைச் சொல்லாமல் போக முடியாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் இங்கே வந்து இறங்கின. பாம்பார் சோலைக்கு மேலே ஆலை. கீழே ஓடும் தண்ணீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்குப் போகிறது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் 7 டன்னுக்கு மேல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி கிடந்ததை வெளியே கொண்டுவந்தவர்கள் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்யும்போது ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா, கூடாதா என்று சண்டை. ஓர் எண்ணுக்காக ஒரு மலையே வழக்காடியது.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஹைதராபாத் பிரிவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ஆலையைச் சுற்றி மரத்தில் ஒட்டியிருந்த லைக்கனையும் பாசியையும் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். காற்றில் போன பாதரசத்தை அவை பிடித்து வைத்திருந்தன. ஆலையின் கணக்குப் புத்தகம் சொல்லாததை மரப்பட்டையிலிருந்த பாசி சொல்லிவிட்டது. 2003இல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. நீங்கள் இரண்டு வருடம் நுண்ணோக்கியில் பார்த்துச் சலித்துப்போன அதே பாசிதான்.

தூரத்தை அளப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். பக்கத்து போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகத்துக்குக் கொடுத்த அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நிறுத்தி வைத்தது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் வருகிறது என்பது முக்கியக் காரணம். அளந்த தூரம் 4.9. நூறு மீட்டர் விஷயம்.

அடுத்து, என் கதை. இருபத்தாறு வயதில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இரண்டு மலைச்சரிவுகளுக்கு அறிக்கை தர வேண்டும். முதல் சரிவில் பன்னிரண்டு நாள் நடந்தேன். இரண்டாவதற்குக் கிளம்பிய அன்று மழை பிடித்துக்கொண்டது, ஜீப் ஏறவில்லை. "பக்கத்து மலைதானே, அதே பட்டியலைப் போட்டுடு, ரெண்டு மூணு பெயரை மாத்திக்கோ" என்றார்கள். போட்டேன். கையெழுத்தும் வைத்தேன். அந்தத் திட்டம் பற்றிய மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இதுல போட்டிருக்கிற மரத்துல ரெண்டு எங்க பக்கம் கெடையாது. எங்க பக்கம் இருக்கிற ஓடை இதுல கெடையாது. எழுதுனவங்க யாருன்னு சொன்னா கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்றார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழவில்லை.

என்னைவிடத் துணிச்சலாகச் செய்தவர்களும் உண்டு. கொங்கணக் கரையில் ரத்னகிரி பக்கம் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குத் தந்த அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மாமரமும் பலாவும் நிற்கிற ஊரில் ஸ்ப்ரூஸ் காடு முளைத்திருந்தது. அதைக் கேட்டு ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அந்தப் பெரியவரால் கேள்வி கேட்க முடிந்ததற்குக் காரணம், அறிக்கையின் சுருக்கம் அவர் மொழியில் இருக்க வேண்டும் என்று விதியில் இருந்ததுதான். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். பெரும்பாலும் அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை அலுவலகத்திலேயே இளையவரின் தலையில் கட்டுவார்கள். அதாவது உங்கள் தலையில். சலித்துக்கொள்ளாதீர்கள். 'உயிரியல் பன்முகத்தன்மையின் மீதான எதிர்மறைத் தாக்கங்கள் தணிக்கப்படும்' என்று எழுதினால் மன்னவனூரில் யாருக்கும் புரியாது. புரியக் கூடாது என்றே சிலர் அப்படி எழுதச் சொல்வார்கள். 'இந்த ஓடையில் ஆறு மாதம் தண்ணீர் குறையும்' என்று எழுதுங்கள். பளியர் பழங்குடியினரின் குடியிருப்புக்குப் போனால், தேன் எடுக்கிறவர்களோடு ஒரு நாள் நடந்துவிட்டு அப்புறம் செடிகளை எண்ணும் உங்கள் சதுரத்தை நிலத்தில் போடுங்கள். நீங்கள் சதுரத்துக்குள் எண்ணியதைவிட அவர்கள் சதுரத்துக்கு வெளியே அதிகம் காட்டுவார்கள். அவர்கள் காட்டியதை அவர்கள் காட்டியதாகவே எழுதுங்கள்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். முதல் சம்பளம் தாமதமாகும். அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுமாடு எதிரே வந்தால் அதற்குத்தான் வழி. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மழையில் கரைந்துவிடும். போன தேதி, நேரம், கூட வந்தவர், போக முடியாத இடம் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். கடைசியில் சொன்னதை மறக்கவே வேண்டாம். 'மழையால் இந்தச் சரிவுக்குச் செல்ல இயலவில்லை' என்ற ஒரு வரியை அன்று நான் எழுதியிருந்தால் போதும்; வேலை போயிருக்கலாம், மூன்றாவது வரிசையில் தலை குனிந்திருக்க வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்கு மீதிப் பாதிப் பதில்: அந்த ஒரு வரியை எழுதத்தான் இரண்டு வருடம்.

2030இல் உங்களுக்கு முப்பது வயது நெருங்கியிருக்கும். சிலர் சென்னையில் இருப்பீர்கள், சிலர் துபாயில், ஒன்றிரண்டு பேர் இந்த வேலையே வேண்டாமென்று வங்கித் தேர்வு எழுதியிருப்பீர்கள். குறிஞ்சி பூக்கும்போது மேலே வாருங்கள். உங்களுடைய முதல் அறிக்கை பத்திரமாக இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். மன்னவனூர்ச் சரிவில் எனக்குத் தெரிந்த ஓர் இடம் இருக்கிறது. மூட்டு வலி விட்டால் நானும் வருகிறேன். பூவையும் அறிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்ப்போம். மதியம் மூன்று மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு பனி இறங்கிவிடும், எதிரில் எதுவும் தெரியாது.