அளந்து பார்க்காமல் பூட்டாதீர்கள்

(தோட்ட இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழமையாக இந்தக் கூட்டத்தில் சம்பளம், காணி, வீடு என்று பேசுவோம். இன்று எஞ்சினைப் பற்றிப் பேசுகிறோம். இதுவும் நமது உழைப்புக் காசு சம்பந்தப்பட்ட விஷயம்தான். அப்பா அம்மாவின் சேமலாப நிதிக் காசையும், நகை அடகு வைத்த காசையும் போட்டு, மரக்கறி ஏற்றவும் விறகு ஏற்றவும் பழைய டிரக்டரோ வேனோ வாங்குகிறோம். எஞ்சினில் சத்தம் வந்தால், கராஜ் கூலிக்குப் பயந்து லயத்து வாசலிலேயே பிரித்துப் போடுகிறோம். பிரிப்பதில் பிழையில்லை. நமது பிள்ளைகளுக்குக் கைவேலை நன்றாக வரும். ஆனால் திரும்பப் பூட்டும்போது ஒரு வேலையை விட்டுவிடுகிறோம். கிராங் பெயாரிங்கின் இடைவெளியை நாம் அளப்பதில்லை. அதை விட்டால் புதுப் பிஸ்டனுக்கும் ரிங்கிற்கும் கொடுத்த காசும் வீண்.

கிராங் ஷாப்ட் பெயாரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அந்தப் படலத்தின் மேல்தான் ஷாப்ட் மிதந்து சுற்றுகிறது. இடைவெளி கூடினால் ஒயில் பக்கவாட்டில் ஓடிவிடும், பிரஷர் இறங்கும், எஞ்சின் அடியில் தட்டத் தொடங்கும். இடைவெளி குறைந்தால் ஒயில் உள்ளே போகாது, சூடேறும், பெயாரிங் உருகி ஷாப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் கடைசியில் போவது கிராங்தான்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? பொதுக் கணக்கு ஒன்று உண்டு. ஷாப்ட்டின் விட்டம் ஒவ்வோர் அங்குலத்துக்கும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. நமக்குத் தெரிந்த மஸ்ஸி பெர்குசன் 135 டிரக்டரை எடுங்கள். அதில் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் வருகிறது. அதன் பிக் என்ட் பூட்டும் இடத்தில் கிராங்கின் விட்டம் சுமார் 2¼ அங்குலம். அப்படியானால் இடைவெளி ஆயிரத்தில் இரண்டேகால் பங்கு. ஒரு தலைமயிரின் தடிப்பளவு. இது மனதில் வைத்திருக்கும் கணக்கு மட்டும். கடைசித் தீர்ப்பு அந்த எஞ்சினின் கைநூலில் உள்ள அளவுதான்.

"கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். ஆயிரத்தில் இரண்டுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்க்காமல் "சரியாகத்தான் இருக்கும்" என்று நாம் விடுவதில்லை. எஞ்சினிலும் விட வேண்டாம்.

வீட்டில் அளப்பதற்குப் பிளாஸ்டிகேஜ் என்ற பொருள் இருக்கிறது. மெழுகு போன்ற மெல்லிய நூல். அது வரும் உறையிலேயே அளவுக்கோடும் அச்சிட்டிருக்கும். பச்சை நிற நூல் ஆயிரத்தில் 1 முதல் 3 வரை, அதாவது 0.025 முதல் 0.076 மில்லிமீட்டர் வரை காட்டும். சிவப்பு 2 முதல் 6 வரை காட்டும். நமது வேலைக்குப் பெரும்பாலும் பச்சை போதும். பழைய நூல் காய்ந்து முறியும், பிழையாகவும் காட்டும். புதிதாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி வேலையைக் கவனியுங்கள்.

முதலில், கழற்றும்போதே ஒவ்வொரு தொப்பியும் எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்தது என்று குறித்து வையுங்கள். ஒன்றை மற்றதன் இடத்தில் போட்டால் அளப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, ஷாப்ட்டையும் பெயாரிங் ஓட்டையும் ஒயில் இல்லாமல் துடையுங்கள். ஓட்டின் முதுகில் ஒரு மணல் இருந்தாலும் அளவு பிழைக்கும். லயத்து வாசலில் தூசி பறக்கும். சுத்தமான சாக்கையோ தாளையோ விரித்து வேலை செய்யுங்கள்.

மூன்றாவது, மெயின் பெயாரிங் அளக்கும்போது எஞ்சினைக் கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் கிராங்கின் பாரமே கீழே இழுத்து அளவைக் கெடுக்கும்.

நான்காவது, நூலில் ஒரு துண்டை ஷாப்ட்டின் நீளவாக்கில், ஒயில் துளையை விட்டுத் தள்ளி வையுங்கள். தொப்பியைப் போட்டு, கைநூலில் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்சால் படிப்படியாக இறுக்குங்கள். இந்த நேரத்தில் கிராங்கைச் சுற்றவே கூடாது. சுற்றினால் நூல் தேய்ந்துவிடும்.

ஐந்தாவது, தொப்பியைக் கழற்றி, நசுங்கிய நூலின் அகலத்தை உறையில் உள்ள கோட்டோடு ஒப்பிடுங்கள். அகலம் கூடினால் இடைவெளி குறைவு, அகலம் குறைந்தால் இடைவெளி கூட. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் இருந்தால், ஷாப்ட் சரிவாகத் தேய்ந்திருக்கிறது. பிறகு கிராங்கைக் கால் சுற்றுத் திருப்பி, புதுத் துண்டு வைத்து இன்னொரு முறை அளந்தால், வட்டம் கெட்டிருப்பதும் தெரிந்துவிடும். மிச்ச நூலை ஒயில் தொட்ட துணியால் துடையுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

இடைவெளி கூட இருந்தால் சிலர் ஓட்டின் முதுகில் சிகரெட் பெட்டி ஈயத்தாள் வைப்பார்கள், சிலர் தொப்பியை அரத்தால் ராவுவார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு கிராங் போகும். ஷாப்ட் தேய்ந்திருந்தால் லேத் வேலைத்தலத்தில் கிரைண்ட் பண்ணக் கொடுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30 என்று குறைத்துத் தருவார்கள். கிரைண்ட் பண்ணிய பிறகே அதற்கேற்ற பெயாரிங் வாங்குங்கள். ஓட்டின் முதுகில் அளவு பொறித்திருக்கும். கடையிலேயே திருப்பிப் பாருங்கள். புதுப் பெயாரிங் போட்ட பிறகும் ஒரு முறை அளந்துதான் ஆக வேண்டும்.

கடைசியாகப் பூட்டும்போது ஒயில் நன்றாகப் பூசி, ஒவ்வொரு தொப்பியை இறுக்கிய பின்னும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தத் தொப்பியில் இறுகுகிறதோ அங்கே பிழை இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணியதும் ஒயில் பிரஷர் ஏறுவதைப் பார்க்காமல் பாரம் ஏற்றாதீர்கள்.

ஓட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டோவின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் கிராங் ஓடுவது குண்டு பெயாரிங்கிலும் ரோலரிலும். அதற்கு இந்த நூல் முறை பொருந்தாது.

தாய்மார்களே, வாசலில் எஞ்சின் வேலை நடக்கும்போது சிறுபிள்ளைகளையும் அடுப்பையும் தூரத்தில் வைத்திருங்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்க விடாதீர்கள்.

தோழர்களே, அளந்த அளவுகளைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நமது பிள்ளைகள் பலர் கொழும்பு கராஜ்களில் வருடக்கணக்காக "உதவியாள்" என்ற பெயரிலேயே வேலை செய்கிறார்கள். வேலை தெரியும், சான்றிதழ் இல்லை. வகுப்புக்குப் போகாதவர்களுக்கும், செய்து காட்டும் வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை நமது நாட்டில் இருக்கிறது. அங்கே போய் நிற்கும்போது, என்ன செய்தோம், எவ்வளவு இருந்தது என்று சொல்ல இந்தக் கொப்பி கைகொடுக்கும்.

டோர்க் ரென்சும் மைக்ரோமீட்டரும் ஒரு குடும்பம் தனியாக வாங்கக்கூடிய சாமான்கள் அல்ல. எல்லோரும் சேர்ந்தால் வாங்கலாம். நமது கிளை ஒரு செட் வாங்கி வாசிகசாலையில் வைத்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகும் ஒழுங்கைச் செய்ய வேண்டும் என்ற பிரேரணையை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.